எல்லாம் இடது கால்

நெடுந்தீவு மேற்கு,
05.07.2025.

அன்பு மகள் பிரியவதனிக்கு,

அம்மா எழுதுவது. வைரவர் காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் சின்னவள் துசாராவும் அப்படியே இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வசனம் தொடங்கினால் நீ மூன்று வசனத்தில் முடித்துவிடுவாய். இதை நீ குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். லீவில் வந்த லோஜனா வருகிற வியாழக்கிழமை கனடா திரும்புகிறாள். அவளிடம் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். கடிதம் மிளகாய்த்தூள் பைக்குள் இருக்கும். வாசிக்கும்போது கண் எரிந்தால் தூளைக் குறை சொல்லு.

இங்கே சோழகக் காற்றுப் பிடித்து ஆட்டுகிறது. போன கிழமை இரண்டு நாள் குறிகாட்டுவானுக்குப் படகு ஓடவில்லை. மரக்கறி இல்லை. கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் வந்தால் அதில் பாதி அப்பாவின் பட்டறைக் கொதிகலனுக்குப் போகிறது. உப்புத் தண்ணீர் விட்டால் அதன் குழாய்கள் அடைத்துவிடுமாம். எனக்கு அடைத்தால் பரவாயில்லை. பட்டறை உதவிக்கு நிற்கிற முருகேசு அண்ணை விடிய வந்து பனை மட்டை போட்டு மூட்டிவிட்டால், நீராவி ஏறி, பித்தளைச் சக்கரங்கள் எல்லாம் சுற்றத் தொடங்கிவிடும். கரன்ற் வருமோ நிற்குமோ என்ற கவலை அவருக்கு இல்லை. நாள் முழுக்க அந்த இரைச்சல்தான் எனக்குப் பேச்சுத் துணை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூரைக்கு மேலே புகையைக் கண்டுவிட்டு, பித்தளை டொக்டர் எழும்பிவிட்டார் என்று அப்பாவைச் சொல்லிக்கொண்டு போகும்.

அப்பா மாறவில்லை. டெனிஸ்ரனை உனக்குத் தெரியும்தானே, படகு மோட்டார் காற்றாடியில் கையைக் கொடுத்தவர். அவருக்கு அப்பா ஒரு கை செய்து கொடுத்தார். சாவி முறுக்கினால் விரல் மடங்கி வலையைப் பிடிக்கும். அந்தச் சாவியைச் செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருக்கிறார். போன மாதம் ஒரு கோர்வை மீனோடு வந்து, உங்களாலதான் டொக்டர் நான் திரும்பக் கடலுக்குப் போறன் என்று சொல்லி அழுதார். அப்பா அந்தப் பித்தளை மணிக்கட்டைக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் கேட்டுவிட்டு, மூண்டாம் விரலிலை சத்தம் வருகுது, கழட்டி வைச்சிட்டுப் போம் என்றார். மனுசன் அழுத கண்ணோடு கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். மீனை நான்தான் வாங்கினேன். கலியாணத்தன்று நான் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதபோது, உம்மட இடது கண்ணிலை தண்ணி கூட வருகுது, ஒருக்கால் சோதிக்கவேணும் என்று சொன்ன ஆள். அவரிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி சுஜிதனின் அந்தியேட்டிக் கிரியையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இருந்தது பதினாறு வருஷம், இல்லாமல் போய்ப் பதினாறு வருஷம், இனிப் போதும் அம்மா, கீரிமலையில் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம் என்று நீ வைகாசியில் சொன்னாய். நான் ஓம் என்றேன். உன் கரைச்சல் தாங்காமல் நான் சம்மதித்ததாக நினைத்திருப்பாய். அது இல்லை. எனக்குக் களைத்துவிட்டது, பிள்ளை. காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரக் கொட்டகையில் சுஜிதனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை வெயில், எத்தனை மழை இருந்தேன். பக்கத்தில் இருந்த தாய்மார் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்தார்கள். போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் அவன் படத்தைத் துடைக்கும்போது, இவன் இனி வரமாட்டான் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. அதனால்தான் நீ கேட்டவுடன் ஓம் என்றேன்.

ஆவணியில் நாள் வைத்துவிட்டு அப்பாவிடம் சொல்லப் பயந்து பயந்து போனேன். அவர் ஒரு திருகாணியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். திகதியைச் சொல்லும், அண்டைக்குக் கிளினிக்கை மாத்தவேணும் என்றார். அவ்வளவுதான். பிறகு குருக்கள் தானச் சாமான்களுக்குப் பட்டியல் தந்தார். வேட்டி, குடை, பாய், செம்பு, செருப்பு ஒரு சோடி. ஒரு காலோடு போன பிள்ளைக்குச் செருப்பு ஒரு சோடி என்று வாசித்துவிட்டுப் பட்டியலை அப்பாவிடம் நீட்டினேன். அப்பா பட்டியலை வாங்கிப் பார்த்தார். பேனையை எடுத்து, செருப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘8’ என்று எழுதினார். எனக்கு வந்ததே கோபம். அவன் போகேக்கை ஆறாம் அளவுதான் போட்டவன், பெத்த பிள்ளையின்ர காலளவுகூட ஞாபகமில்லையோ என்று கத்தினேன். குசினிக்குள் போய்ச் சட்டி பானை எல்லாம் இடிபட வேலை செய்தேன். அவர் திரும்ப அரத்தை எடுத்துவிட்டார்.

நீ ஏன் அப்பாவோடு கதைப்பதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வன்னியில், ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்த அந்தப் பள்ளிக்கூட வகுப்பறையில், ஷெல் பட்ட தம்பியின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தவர் அவர்தான். வேறு டொக்டர் இல்லை. மயக்க மருந்தும் இல்லை. நான் குழறக் குழற, ரோச் வெளிச்சத்தை ஆட்டாமல் பிடியும் என்றார். மூன்று கிழமை கழித்துக் காயக்காரரை ஏற்றிய உழவு இயந்திரத்தில் அவனையும் ஏற்றிவிட்டோம். அது எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அன்றும் அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாய். எனக்கு அது நினைவிருக்கிறது.

அதுக்கு மேலே அந்த நிறைக் கதை. மற்றப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் சட்டை. உனக்குத் தராசு. கனடாவுக்குப் போன பிறகும் ஆவணி வந்தால் போனில் அதே கேள்வி, பிள்ளை எத்தினை கிலோ என்று. துசாரா பிறந்து நீ உடம்பு வைத்திருந்த வருஷம் அதையே கேட்டபோது, நான் உங்கட நோயாளி இல்லை என்று கத்திவிட்டுப் போனை வைத்தாய். மூன்று வருஷமாகிறது. அன்று நான் உன் பக்கம்தான். அவரிடம் வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் போனைத் துடைத்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அப்பா ஊர்காவற்றுறைக்குக் கிளினிக்குக்குப் போய்விட்டார். நான் தானத்துக்கு வாங்கின பாயையும் குடையையும் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மண்டைதீவில் இருந்து றெக்ஷன் என்று ஒரு பொடியன் ஊன்றுகோலோடு வந்து நின்றான். கடற்காற்றில் படகேறி வந்து உப்புப் பூத்துப்போய் நின்றான். அவனுக்கும் இடது கால்தான் இல்லை, முழங்காலுக்கு மேலே. டொக்டர் இல்லை, இன்னொரு நாள் வாரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுக்கிற சாமான்களுக்கு நடுவில் நின்றதாலோ என்னவோ, கையில் கொடுக்கிற குணம் ஏறியிருந்தது. பட்டறைப் பின்னறையில் அப்பாவின் பெரிய அலுமாரிக்குள் பூவரச மரத்தில் செய்து பித்தளை முழங்கால் வைத்த கால்கள் வரிசையாய் நிற்கும். ஆளைக் கண்ணால் காணாமல் கால் செய்யமாட்டேன் என்பது அவர் சட்டம். பெரிய பெரிய ஆட்கள் வந்து கேட்டும் செய்யாதவர். ஆகவே அவை மாதிரிக்கு வைத்தவை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கடைசியாய் நின்ற காலை எடுத்துக் கொடுத்தேன். அளவெடுத்துச் செய்தது போல அவனுக்குப் பொருந்தியது. முற்றத்தில் இரண்டு தரம் நடந்து காட்டிவிட்டு, அன்ரி, இது எனக்கெண்டே செய்தமாதிரி இருக்கு என்றான். ஊன்றுகோலைத் தோளில் வைத்துக்கொண்டு படகடிக்கு நடந்து போனான். எனக்குக் கொஞ்சம் புண்ணியம் செய்த மாதிரியும் இருந்தது.

பின்னேரம் அப்பா வந்தார். சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். முழங்காலுக்கு எண்ணெய் விட்டுத்தானே குடுத்தனீர் என்றுதான் கேட்டார். ஓம் என்றேன். தொடையில் இறுக்கமோ என்றார். இல்லை, அச்சொட்டாய்ப் பொருந்தினது என்றேன். பொடியனுக்கு எத்தினை வயது என்றார். நான் கேட்டிருந்தேன், முப்பத்தொன்று என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்ப கணக்குச் சரி என்றார்.

என்ன கணக்கு என்று கேட்டேன். ஆஸ்பத்திரி வாட்டில் தாதி மிஸ்ஸிமாருக்கு விளங்கப்படுத்துகிற அதே குரலில் சொன்னார். நீயும் தம்பியும் ஒரே வயிற்றில் ஒன்றாய்க் கிடந்த பிள்ளைகள். பிறந்த நாளில் இருந்து பதினைந்து வயதுவரை இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்து எழுதி வைத்திருக்கிறார். நீ ஏறினால் அவன் எவ்வளவு ஏறுவான் என்று அதில் தெரியுமாம். உயரத்துக்குத் தன்னுடைய உயரம். நிறை தெரியாமல் முழங்காலுக்குள் வைக்கிற சுருள்வில்லின் பலத்தைக் கணக்குப் பார்க்க ஏலாதாம். வெட்டின தொடை வருஷம் போகப் போக மெலியும், அதையும் கழித்துத்தான் செய்கிறாராம். நாங்கள் நெடுந்தீவுக்குத் திரும்பி வந்த வருஷம் தொடக்கம் ஒவ்வொரு ஆவணிக்கும் ஒரு கால். பாதம் எட்டாம் அளவில் நின்றுவிட்டதாம், இருபது வயதில்.

நான் அலுமாரியடிக்குப் போனேன். பதினான்கு கால் நின்றது, பிள்ளை. சின்னதில் இருந்து பெரிதாய். ஒவ்வொன்றிலும் ஒரு மட்டைத் துண்டு கட்டி 17, 18, 19 என்று வயதும் பக்கத்தில் நிறையும் எழுதியிருந்தது. நான் அவற்றைச் சாமான் இலக்கம் என்று நினைத்திருந்தேன். கடைசி இரண்டிலும் நிறைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. எல்லாம் இடது கால். பதினைந்து வருஷமாய் அந்த அலுமாரியைத் தூசு தட்டுகிறவள் நான். எல்லாம் இடது கால் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை என்று கேட்டேன். நீர் கேக்கேல்லை என்றார். ஒளித்ததும் இல்லை, சொன்னதும் இல்லை. முப்பத்துநாலு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, அவர் பட்டறையிலும் நான் குசினியிலும் இருந்திருக்கிறோம். அப்படியென்றால் அந்தியேட்டிக்கு ஏன் சம்மதிச்சனீங்கள் என்று கேட்டேன். நீங்கள் ரெண்டு பேரும் செய்யவேணும் எண்டால் செய்வம், அதாலை காலின்ர அளவு மாறாது என்றார். சொல்லிவிட்டுக் கிளினிக் பையை ஆணியில் கொழுவிவிட்டுக் கைகழுவப் போனார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, பிரியா. அழுதது நான், படம் தூக்கினது நான், ஊரெல்லாம் என்னைத்தான் தாய் என்று பார்த்தது. கைவிட்டதும் நான்தான். நெஞ்சில் ஈரமில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் ஒதுக்கி வைத்த மனுசன் கைவிடவில்லை. இதைப் பாசம் என்று நான் சொன்னால், அது உடம்பில் எந்தப் பக்கம் இருக்கு என்று கேட்பார். நான் பெயர் வைக்கப் போகவில்லை. தம்பி வருவான் என்றும் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் அலுமாரிக்குள் அவன் முப்பத்தொரு வயதுவரை வளர்ந்து நிற்கும்போது, நான் போய்க் கீரிமலையில் எப்படிப் பிண்டம் வைக்கிறது?

குருக்களிடம் நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது பிழைதான். கோபம் வந்தால் ஏசு. அப்பாவிடமும் சொன்னேன். அப்ப அண்டைக்குக் கிளினிக் இருக்கு என்றார்.

ஆவணிக்குப் போட்ட பிளேன் ரிக்கற்றை மட்டும் மாற்றாதே. துசாராவைக் கூட்டிக்கொண்டு வா. உன்னுடைய முப்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு நீ இங்கே நிற்பாய். இந்த வருஷக் கால் பட்டறை மேசையில் படுத்திருக்கிறது. மரம் கடைந்து, தோல்வார் தைத்து எல்லாம் முடிந்துவிட்டது. முழங்காலுக்குள் சுருள்வில் மட்டும் வைக்கவில்லை. முருகேசு அண்ணை இரண்டு தரம் கேட்டுவிட்டார். பொறும், போனமுறையும் உத்தேசமாய்த்தான் வைச்சது என்று அப்பா சொன்னது எனக்கும் கேட்டது. அவராக இனி உன்னைக் கேட்கமாட்டார். நீ அவருக்குப் போன் எடுத்து, சுகமோ என்றுகூடக் கேட்க வேண்டாம், உன் நிறையை மட்டும் சொல்லிவிடு. கூடக் குறையச் சொல்லாதே.

இன்னொன்று. வரும்போது எட்டாம் அளவில் ஆம்பிளைச் செருப்பு ஒன்று வாங்கி வா. தானம் கொடுக்க இல்லை, வீட்டில் வைக்க. ஒரு சோடியாகவே வாங்கு.

அம்பாள் உன்னையும், உன்னோடு கூடப் பிறந்தவனையும், எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நடக்க வைக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
வா. இராசாத்தி.