பட்டப்பகலில் லைற்

வேலணை கிழக்கு
12.11.1986

அன்புள்ள மகன் தில்லைநாதனுக்கு,

நாங்கள் எல்லோரும் ஏதோ உயிரும் உடம்புமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்கப் பெருங்குளத்து அம்மன் துணை நிற்க வேண்டும். உன் கடிதம் கிடைத்தது. கார் ஓடுகிற சோதனையில் மறுபடியும் தவறிவிட்டாய், இன்னொரு முறை தவறினால் பேக்கரி வான் ஓடுகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவீடனில் வெயில் எறிக்கும்போதும் லைற் போட்டுத்தான் ஓட வேண்டும், அதுதான் சட்டம், உனக்குக் கை அந்தச் சுவிச்சுக்குப் போகுதில்லை என்ற இடம் வந்ததும் மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். பட்டப்பகலில லைற்றோ, அவங்களுக்கென்ன விசரோ, பற்றரியெல்லோ இறங்கிப்போகும் என்றார். லைற் போடாமல் ஓட உன்னைப் பழக்கியதே அவர்தான், அதற்குள் சிரிப்பு வேறு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிரியுங்கோ, பிள்ளை வேலையில்லாமல் நிக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

பொழுதுபட்டால் லைற் போட வேண்டும் என்று இங்கேயும் சட்டம் இருக்கிறதுதான். போட்டால் ஆமியின் ஹெலி வந்து சுடுகிறது, அதனால் ஒருவரும் போடுவதில்லை, தவறிக் கை பட்டாலும் தெரியாதபடி அப்பா முன் லைற்றுக்குக் கறுப்புக் கடுதாசியும் ஒட்டி வைத்திருந்தார். போன கிழமை பொழுதுபட்டு மம்மலாகிற நேரத்தில் அக்கா அம்பிகைக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டுவிட்டது. அத்தான் கொழும்பில். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு அப்பாதான் காரை எடுத்தார், நான் பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தி தாண்டியதும் எதிரே நம்முடைய புகையிலைத் தோட்டத்து முருகேசு மாமா சைக்கிளில் வந்திருக்கிறார். அவரிடமும் லாம்பு இல்லை. இடித்த சத்தம் கேட்ட பிறகுதான் ஆளையே கண்டோம். அவரையும் தூக்கி முன் சீற்றில் இருத்திக்கொண்டு அதே காரில் போனோம். பின்னால் அவள் கத்துகிறாள், முன்னால் அவர் முனகுகிறார். அந்த நோவுக்குள்ளும் அவர், அண்ணை லைற்றைப் போட்டிடாதேங்கோ, பிள்ளைத்தாச்சியெல்லோ இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்காவுக்குப் பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். மாமாவுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது, இனிக் கால் நேராக வராதாம். நானும் லாம்பில்லாமல்தானே வந்தனான் என்று எங்களுக்கே ஆறுதல் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கத்தான் எனக்கு ஏலாமல் இருக்கிறது.

அப்பா அதன் பிறகு காரைத் தொடவில்லை. நேற்று மத்தியானம் மட்டும், முன் லைற்றில் ஒட்டியிருந்த கறுப்புக் கடுதாசியைச் சுரண்டி எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒழுங்கை முடக்கிலை போய் நில்லும், லைற் தெரியுதோ எண்டு பாரும் என்றார். விசர் மனிசன் என்று பேசிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால், தம்பி, அந்த வெயிலிலும் காரைக் காண முதல் வெளிச்சம்தான் கண்ணில் பட்டது. தெரியுது என்று கத்தினேன். லைற்றை நூர்த்துவிட்டுக் காரால் இறங்கினார். பிறகு வந்து, அவங்கட சட்டம் சரியெண்டு பெடியனுக்கு எழுதும் என்றார்.

ஆகையால் காரில் ஏறியதும் முதலில் சுவிச்சைப் போடு, மற்றதெல்லாம் பிறகு. காதை மூடித் தொப்பி போடு. ஒரு குறையுமில்லாமல் நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் ராசா. இன்று அக்காவையும் பிள்ளையையும் கூட்டிவரப் போகிறோம், பொழுதுபட முதல் திரும்புவோமோ தெரியாது. அப்பா முற்றத்தில் நின்று லைற்றுக்குத் திரும்பவும் கடுதாசி ஒட்டுகிறார்.

உன் அன்பு அம்மா
இலட்சுமிப்பிள்ளை