கன்னத்தில் பூசிய பச்சை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, மாமாவிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு. போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

பள்ளியில் இப்போது எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்றுக்கொள்கிறோம். ஆளுக்கொரு பழைய ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். எனக்குக் கிடைத்தது, ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கும் ஒரு பெண். கட்டம் போட்டு அளந்து வரைந்ததில் கண், மூக்கு எல்லாம் சரியாக வந்துவிட்டது. தோல்தான் வரவில்லை. "என்னடி, உன் பொம்பளைக்கு ரப்பர்ல மூஞ்சியா?" என்று பக்கத்தில் உட்காருகிறவள் சிரித்தாள். தோலில் பச்சை, ஊதா எல்லாம் இருக்கும், வீட்டில் யார் முகத்தையாவது உற்றுப் பார் என்றார் டீச்சர்.

அம்மாவைப் பார்த்தேன் அக்கா. பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது. இடது கண்ணுக்குக் கீழே ஊதா, அதன் ஓரத்தில் பச்சை, கன்னத்தில் இறங்க இறங்க மஞ்சள். அப்படியே கலந்து பூசினேன். படத்துக்கு உயிர் வந்துவிட்டது.

டீச்சர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கலரை எங்கம்மா பார்த்தே?" என்று கேட்டார். "எங்கம்மா கன்னத்துல, டீச்சர்" என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிய பிறகுதான், என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பக்கத்தில் உட்காருகிறவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று அம்மா எதிர்வீட்டில் சொல்லும்போதெல்லாம் பின்னால் நின்று தலையாட்டியவள் நான். மணி அடித்ததும் படத்தின் கன்னத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஈரம் காயாத வண்ணம் முகம் முழுக்கப் பரவி இன்னும் மோசமாகிவிட்டது.

சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். அப்பாதான் எடுத்தார். படத்தைப் பற்றிப் பேச வேண்டும், வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள் என்றாராம். "எம்பொண்ணு படத்தைப் பாக்க என்னைக் கூப்பிடுறாங்க" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எதை உடுத்திக்கொண்டு போவது என்று அம்மா என்னிடம் கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு அக்கா. அப்பா அந்தப் படத்தைப் பார்க்கும்போது அம்மா பக்கத்தில் நீ நிற்க வேண்டும். நான் மட்டும் நின்றால் போதாது. அப்பா என்னை அடித்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். அம்மா திரும்பி என்னைப் பார்ப்பாளே, அதைத்தான்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்ட மாட்டாள், நேராக உள்ளே