சுல்தானும் என் தும்மலும்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. விசிறிக்குக் கீழே கொடி கட்டித் தொங்கவிட்டாச்சு. வீடே துணிக்கடை மாதிரி.

தும்மல். எழுந்ததும் ஆரம்பித்து டீ ஆறிப்போகும் வரைக்கும். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், கழுத்தெல்லாம் அரிப்பு. என் வீட்டுக்காரர், மகள் பர்வீனின் அத்தா, மௌத்தாகிப் போன பிறகுதான் இதெல்லாம். பக்கத்து வீட்டு வசந்தா அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: "இன்னா மும்தாஜு, எங்க வூட்டுக்கு அலாரமே வேணாம் போ. நீ தும்முனாதான் பசங்க எழுந்துக்குதுங்க."

ஜி.எச். போய் வந்தேன். சின்ன வயசு டாக்டரம்மா, நல்ல பொறுமை. அலர்ஜின்னா இன்னாங்க என்று கேட்டேன். "உடம்புக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்காரும்மா. திருடன் வந்தா அடிக்கணும். உங்க வாட்ச்மேன் பால்காரரையும் சேர்த்து அடிக்கிறாரு." சிரித்துவிட்டேன். அந்தப் பால்காரர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். வரிசையாகக் கேட்டார். கொசுவர்த்தி? இல்லை, மிஷின்தான். ஊதுபத்தி? வைப்பதில்லை. பழைய பஞ்சு மெத்தை? போன வருஷமே தூக்கிப் போட்டாச்சு. நாய், பூனை? பூனை உண்டு. "பூனையா இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

ராத்திரிக்கு ஒரு மாத்திரை. மூக்கு கழுவ உப்புத் தண்ணீர், கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

இதைப் பர்வீனிடம் போனில் சொன்னது என் புத்திகெட்ட வேலை.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில் கொஞ்சம். பாதித் துணி காய்ந்தது.

பர்வீன் காலையிலேயே போன். கூடுவாஞ்சேரியிலிருந்து 20ஆம் தேதி வருகிறாள், தலைப்பிரசவம், இங்கேதான். "டாக்டரே சொல்லிட்டாங்க இல்ல? நான் வர்றப்ப சுல்தான் அங்க இருக்கக் கூடாது. பச்சப்புள்ள வரப்போற வூடும்மா. பூனையா நானான்னு நீயே முடிவு பண்ணிக்க."

சுல்தான் அவள் அத்தாவின் பூனை. அவர் பைக்குக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த கடையில், ஸ்பான்ச் துண்டுகளுக்கு நடுவில் பிறந்தது. சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். இப்போதும் சாயங்காலம் தெருவில் அவர் வண்டி மாதிரி டிவிஎஸ் சத்தம் வந்தால் வாசலுக்கு ஓடும். நின்று பார்க்கும். திரும்பி வந்து என் காலில் முட்டும். என் தலையும் அதே சத்தத்துக்குத் தானாக நிமிர்கிறது. இந்த வீட்டில் அப்படி ஓட நாங்கள் இரண்டு பேர்தான். இதை மகளிடம் எப்படிச் சொல்வது.

முதலில் தும்மலை நிறுத்துவோம். நின்றுவிட்டால் பூனையை யாரும் குறை சொல்ல முடியாது. வசந்தா அக்கா சொன்ன வைத்தியம்:
வெற்றிலையில் மிளகு மடித்து வெறும் வயிற்றில்.
நொச்சி இலை ஆவி.
மஞ்சள் பால்.
சாம்பிராணியோடு காய்ந்த வேப்பிலை, நொச்சி சேர்த்து வீடு முழுக்கப் புகை.

மிளகு நாக்கைப் பிடுங்கியது. தும்மல் அசரவில்லை.

நவம்பர் 6, வியாழன்

வியாழக்கிழமை சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடிந்தால் அவர்தான் சாம்பிராணிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவார். கடை ரெக்சின் நாற்றம் போகட்டும் என்று சிரிப்பார். வாரத்துக்கு ஒரு நாள்தான். அவர் போன பிறகு நான் தினமும் போடுகிறேன். பீரோவைத் திறந்து அவர் சட்டைகளுக்கும் காட்டுகிறேன், மழைக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கட்டும் என்று. பீரோவைத் திறந்தால் அவர் உள்ளே இருக்கிற மாதிரி ஒரு வாசம். அஞ்சு நிமிஷம் அங்கேயே நிற்பேன்.

இப்போது மருந்துக்கும் ஆச்சு. வேப்பிலை சேர்த்துக் காலையிலும் ஒரு தடவை. எதிர்வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று எட்டிப் பார்த்தார்.

தும்மல் இன்று ரொம்ப அதிகம். சுல்தான் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே வருவதே இல்லை. அதற்கும் விஷயம் தெரிந்துவிட்டதோ என்னவோ.

நவம்பர் 8, சனி

தோற்றுவிட்டேன். சுல்தானைக் காய்கறிக் கூடையில் போட்டு, மேலே துண்டு கட்டி, மாபலிபுரம் பஸ். அங்கே என் கூடப்பிறந்த மெஹ்ராஜ் அக்கா வீடு. மச்சானுக்கு மீன் வறுவல் கடை. பூனைக்குச் சொர்க்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரே கத்தல். கண்டக்டர் வந்தார். "இன்னாம்மா உள்ள? பூனையா? ஆம்பளயா பொம்பளயா?" ஆண் என்றேன். "அப்ப டிக்கெட் எடு. லேடீஸுக்குத்தான் ப்ரீ." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. தும்மல் என்று நினைத்திருப்பார்கள்.

விட்டுவிட்டு உடனே திரும்பிவிட்டேன். நின்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பூனை இல்லை. தும்மல் இருக்கிறது.

பர்வீனிடம் சொன்னால், "முடி ஒட்டிக்கினு இருக்கும்மா. அது லேசுல போவாது. நல்லா தொடச்சி எடு." துடைத்தேன். போர்வை, திரை, கால்மிதி எல்லாம் வெந்நீரில். இடுப்பு போச்சு. சாயங்காலம் நிறையப் புகை போட்டேன், மிச்சம் மீதி எது இருந்தாலும் ஓடட்டும் என்று. ராத்திரி முழுக்கத் தும்மல், நெஞ்சில் விசில்.

உப்புத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் கேட்கிறது. மூக்கில் விடும்போது கடலில் விழுந்த மாதிரி. விட்டபின் சுகம்.

நவம்பர் 13, வியாழன்

அக்கா போன். சுல்தான் சாப்பிடவில்லையாம். மச்சான் பின்னாலிருந்து கத்துகிறார்: "வஞ்சிரம் வெச்சேன், மூஞ்ச திருப்பிக்கினு போவுது! காசு குடுக்குற கஸ்டமரே இவ்ளோ பிகு பண்றதில்ல!" இரண்டு நாளாக மணலில் சுருண்டு கிடக்கிறதாம்.

புகை போடவில்லை. கை ஓடவில்லை. நாளை முதல் பஸ்.

நவம்பர் 15, சனி, மாபலிபுரம்

நேற்று நான் படி ஏறியதும் சுல்தான் ஒரு சத்தம் போட்டது. திட்டு. அப்புறம் மடியில் ஏறிக்கொண்டது. நான் ஊட்டத்தான் சங்கரா மீன் சாப்பிட்டது. மச்சானுக்குக் கோபம். "கவுந்து படுத்தவன் இப்ப ஒரு கட்டு கட்டறான் பாரு. நடிகன்டா நீ."

ராத்திரி என் கழுத்தோரம் படுத்துக்கொண்டது. அது விடவில்லை, நானும் விரட்டவில்லை. அதன் முதுகில் மூக்கை வைத்துத்தான் தூங்கினேன். எது வந்தாலும் வரட்டும் என்று.

காலையில் அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "இன்னாடி, தும்மவே இல்ல?"

ஆமாம். தும்மவே இல்லை. மாத்திரையும் மறந்துவிட்டேன். கழுத்தில் அரிப்பு இல்லை. பூனை என் மேலேயே இருக்கிறது.

மச்சான்: "அப்ப கேசு தள்ளுபடி. எங்கிட்ட இருந்த வரைக்கும் ரிமாண்டு கைதி, இன்னா?"

கடல்காற்று என்கிறாள் அக்கா. இருக்கலாம். இன்னொரு ராத்திரி இருந்து பார்க்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாவது ராத்திரியும் சுத்தம். சுல்தானோடு வீடு வந்தேன். பஸ்ஸில் வேறு கண்டக்டர், ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம், ஒன்றுமில்லை. சமைத்தேன், ஒன்றுமில்லை. மக்ரிப் ஆனதும் வழக்கம்போல் கரி பற்ற வைத்து, சாம்பிராணி தூவி, பீரோவைத் திறந்தேன். முதல் சுருள் மேலே வந்தது. அவ்வளவுதான். கரண்டியைக் கீழே வைக்கக்கூட முடியவில்லை, அப்படித் தும்மல். சுல்தான் விருட்டென்று மாடிப்படிக்கு.

அந்தப் பூனைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா கொசுவர்த்தி கேட்டார், ஊதுபத்தி கேட்டார். சாம்பிராணியை நான் சொல்லவே இல்லை. அது நல்லது, அதில் என்ன சொல்ல இருக்கிறது என்று. தும்மல் கூடக் கூட அதையே அதிகமாகப் போட்டேன்.

கரண்டியை வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். புஸ் என்று அடங்கியது. வசந்தா அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா, வைத்தியம் நிறுத்திட்டியா?" வைத்தியம்தான் வியாதி அக்கா என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நவம்பர் 18, செவ்வாய்

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் நிதானமாகச் சொன்னார். மூடின வீட்டில் எந்தப் புகையும் மூக்கை, நெஞ்சைக் கிளறும், வேப்பிலையும் புகைதான். உப்புத் தண்ணீர் தொடரலாம், ஆவி பிடித்தால் வெறும் தண்ணீர், சூடு பார்த்து. மூச்சு இழுத்தால் கை வைத்தியம் பார்க்காமல் நேராக வர வேண்டும். பூனை படுக்கையில் வேண்டாம், அது வெளிக்குப் போகிற மண்ணைக் கர்ப்பிணி தொடவே கூடாது. அது என் வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் எல்லாம் திறந்தேன். பீரோவிலிருந்து அவர் சட்டைகளை எடுத்துத் துவைத்தேன். முடியாது என்று நினைத்தது. சோப்பு போடப் போட வாசம் போனது. சட்டை போகவில்லை. கொடியில் வரிசையாக ஆடுகிறது, நாலு பேர் நிற்கிற மாதிரி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தும்மல் இல்லை. பர்வீனுக்கு இன்னும் சொல்லவில்லை. பயம்.

நவம்பர் 20, வியாழன்

வந்துவிட்டாள். வயிறு முன்னால், பை பின்னால், மாப்பிள்ளை அதற்கும் பின்னால். நடுக்கூடத்தில் சுல்தான். பர்வீன் இடுப்பில் கை வைத்தாள். "ம்மா!"

எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான், மீன், புகை, டாக்டர். கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றினாள். பீரோவைத் திறந்து சட்டைகளைப் பார்த்தாள். பீரோவை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

தெருவில் ஏதோ டிவிஎஸ். சுல்தான் வாசலுக்கு ஓடியது. நின்றது. பார்த்தது. திரும்பி வந்தது. இந்த முறை என் காலுக்கு வரவில்லை, பர்வீன் காலில் போய் முட்டியது. அவள் குனிய முடியாமல் பாதத்தாலேயே அதன் முதுகைத் தடவினாள். "தெனமும் இப்டியா ஓடுது?" ஆமாம் என்றேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஒரு தும்மல். வீடே அதிர்ந்தது. எல்லோரும் சுல்தானைப் பார்த்தோம். எனக்கு உயிர் போய் வந்தது. மாப்பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பூனையா இருக்குமோ?" என்றார்.

பர்வீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரயில்ல ஜன்னலோரம் மழைல நனஞ்சிக்கினு வந்தா இன்னா வரும்? ஒத்துக்கலன்னா நீங்க கெளம்புங்க. அது எங்க அத்தா பூனை."