மோடத்துக்குள்ளே உங்கள் அண்ணன்

என்னங்க,

நீங்கள் சொன்னபடியே போன் ஒயரைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். இன்டர்நெட் நம்பரைச் சீட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, உங்கள் நீலச் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. அதைப் பார்த்து நம்பரைப் போட்டேன். மோடம் கீச்சென்று கத்தும் என்றீர்கள். உள்ளேயிருந்து உங்கள் அண்ணன், "ஹலோ, யாரு?" என்கிறார்! ஆறு வருஷமாக இந்த வீட்டில் கேட்காத குரல். எனக்கு உயிரே போய்விட்டது.

நிறுத்தத் தெரியாமல் நான் முழிக்க, அது பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட்டுவிட்டது. நாலாவது தடவை அவர் போனை வைக்கவில்லை. "தம்பி, உன் வீட்டு நம்பர் இங்க தெரியுதுடா. பேச வாய் வரலைன்னா விடு. சாயந்திரம் நானே வர்றேன்."

காய் வாங்க ஓடுகிறேன். சோறு வடித்தாகிவிட்டது. அவர் வந்தால், கூப்பிட்டது கம்ப்யூட்டர்தான் என்று உளறிவைக்காதீர்கள்.

பி.கு.: இன்டர்நெட் நம்பர் இழுப்பறையில் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். சட்டைப் பைச் சீட்டு மடித்து மடித்துக் கிழிந்தே போயிருக்கிறது. "அவர் பேச்சையே எடுக்காதே" என்று நேற்றுகூட என்மேல் எரிந்து விழுந்த மனுஷன்தானே நீங்கள்?