உங்க தலையணை இன்னிக்கு வேலைக்குப் போகுது

என்னங்க,

தலையணையைக் காணோம்னு வீட்டைத் தலைகீழாப் புரட்டாதீங்க. நான்தான் புது உறை போட்டு ஸ்கேன் ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன். மார்புப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன்னாடி, கட்டி இருக்கற இடத்தை அடையாளம் வைக்க ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஊசி போடுவாங்கள்ல, அதுக்கு வர்றவங்களைத் தயார்படுத்துற வேலையை இன்னிக்குத்தான் முதல் தடவையா டாக்டரம்மா என்கிட்ட முழுசா விட்டிருக்காங்க. எனக்குக் கால் தரையில நிக்கலை.

நேத்து உங்களைப் படுக்க வெச்சு ஒத்திகை பார்த்தப்போ, "கை மரத்துப் போச்சுடி, முழங்கைக்கு ஏதாவது முட்டுக் குடு"ன்னு கத்தினீங்க. "இதுகூடத் தாங்க மாட்டீங்களா"ன்னு நான் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க. அப்புறம் நானும் கையைத் தலைக்கு மேல தூக்கிப் படுத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துல கை இருக்கறதே தெரியலை. ஊசி உள்ள இருக்கறப்போ அவங்க அசையக் கூடாது. கை இப்படி மரத்தா எப்படி அசையாம இருப்பாங்க? அங்க இருக்கற தலையணை எல்லாம் சப்பையாப் போச்சு. உங்களுதுதான் சரியான உசரம்.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

மறந்துட்டேனே: நேத்து ஒத்திகையில "வலிக்காதுன்னு பொய் சொல்லாதே, குத்தறதுக்கு முன்னாடி சொல்லு, அது போதும்"னீங்களே, அதையும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போறேன்.

இன்னொண்ணு: தலையணை இனிமே திரும்பி வராது. ராத்திரி என்னோடதுல பாதி தர்றேன், சுவர்ப்பக்கம் திரும்பாம இருந்தா.