ரியாஸ் ஊருக்குப் போவதற்குள்

அக். 26, ஞாயிறு

மழை. மன்னார்குடியில் ஏறிய தஞ்சாவூர் பஸ்ஸில் ஷட்டர் ஒழுகி இடது தோள் முழுக்க ஈரம். வடுவூர் தாண்டியும் விடவில்லை.

செந்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் படக் கார்டு விளையாட்டு டோர்னமென்ட், தாக்குவதும் தடுப்பதும் கார்டாலேயே. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. இன்றைக்கு எட்டுப் பேர். செந்தில்தான் ஜட்ஜ், அவன்தான் டீ வாங்கி வருபவன். பரிசு: ஒரு பாக்கெட் கார்டு, வெள்ளைப் பலகையில் மேலே பேர். அடுத்த போட்டி வரை அழிக்க மாட்டான்.

முதல் ஆட்டம் கார்த்தியோடு. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். தப்பான கார்டை இறக்கிவிட்டு, "அண்ணே, திரும்ப எடுத்துக்கட்டுமா?" என்றான். மற்றவர்கள் எல்லாரும் எடுக்க விடுவார்கள், இந்த மாடியின் பழக்கம் அது. நான் விட மாட்டேன். "இறக்கினது இறக்கினதுதான்" என்றேன். முகம் செத்துவிட்டது. நன்றாக இருந்தது பார்க்க.

கடைசி ஆட்டம் ரியாஸோடு. தோல்வி. வழக்கம்போல.

கூத்தாநல்லூர்க்காரன். சிங்கப்பூரில் வளர்ந்தவன். அவன் அத்தா நோயில் படுத்ததும் அவர் துணிக்கடையைப் பார்க்க வந்தான், மூன்று வருஷம் ஆகிறது. இந்த விளையாட்டைத் தஞ்சாவூருக்கு எடுத்து வந்ததே அவன்தான். எங்கள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவன், கார்டு இல்லாதவனுக்குக் கார்டு கொடுப்பவன். மூன்று வருஷத்தில் நான் அவனை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. மற்றவர்கள் எல்லாரும் ஒன்றிரண்டு தடவையாவது ஜெயித்திருக்கிறார்கள். கார்த்திகூட.

டீ குடிக்கும்போது சொன்னான். கடையைக் கொடுத்தாகிவிட்டதாம். நவம்பர் பாதியில் குடும்பத்தோடு சிங்கப்பூர். திரும்ப வருகிற எண்ணம் இல்லை. எல்லாரும் அவனைக் கட்டிப் பிடித்தார்கள். செந்தில் கண்ணைத் துடைத்தான். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு என்ன கண்ணீரோ.

எனக்கு மனசில் ஒன்றுதான் ஓடியது. இன்னும் ஒரே ஒரு போட்டி. நவ. 9.

அக். 28, செவ்வாய்

லேபில் காலையிலேயே கூட்டம். டெங்கு சீசன். ரத்தம் எடுக்கும்போது ஒரு அம்மாள், "வலிக்குமா தம்பி?" என்று கேட்டார். "வலிக்கும்" என்றேன். பொய் சொல்வானேன்.

மத்தியானம் ரியாஸ் போன்.

"அண்ணே, ஃபாயில் கார்டெல்லாம் வளைஞ்சு போச்சுண்ணே. இந்த மழையில வீடு முழுக்க ஈரம். டெக்குக்குள்ள வச்சா படகு மாதிரி நிக்குது."

அவன் டெக்கில், அதாவது ஆடுகிற கட்டில், நாலு ஃபாயில். பளபளவென்று மின்னுகிற கார்டு. அவன் ஜெயிப்பதே அந்த நாலால்தான். சாதாக் கார்டாகவும் அதே நாலு அவனிடம் இருக்கிறது. ஆனால் துரைக்கு மின்ன வேண்டும்.

"அரிசி டின்ல போட்டு வைப்பா" என்றேன். "பிளாஸ்டிக் ஸ்லீவைக் கழட்டிட்டு, அந்த நாலை மட்டும். புழுங்கல் அரிசி. ஈரத்தை இழுத்துரும்."

"எத்தனை நாளைக்குண்ணே?"

ரெண்டு நாள் போதும். அதற்கு மேல் விட்டால் அளவுக்கு மீறிக் காய்ந்து எதிர்ப் பக்கம் வளையும். அப்படி வளைந்தது எளிதில் நிமிராது. போன கார்த்திகையில் என்னுடைய ரெண்டு கார்டு அப்படித்தான் வீணாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

"போட்டியன்னைக்குக் காலையில எடுத்தாப் போதும்" என்றேன்.

"சரிண்ணே. உங்களைக் கேட்டா உடனே வழி கிடைக்குது."

போனை வைத்த பிறகு அடுத்த ஆளை விசிலடித்துக்கொண்டே கூப்பிட்டேன். சந்தோஷம்.

நவ. 2, ஞாயிறு

போட்டி இல்லாத ஞாயிறு. மழை விட்டு விட்டு. மாமனார் போன்: நட்ட சம்பாவில் தண்ணீர் நிற்கிறதாம், வாய்க்கால் வடியவில்லையாம். ம் ம் என்றேன். வடிய வைக்க நான் என்ன செய்ய.

தலைவலி மாத்திரை. பல்ப். வித்யாவின் செருப்பு தைக்கக் கொடுக்கணும்.

வித்யா: "அந்த ரியாஸ் தம்பி ஊருக்குப் போகுதாமே. ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்களேன். மூணு வருஷமா அந்தப் பிள்ளைதானே பஸ்ஸுல உங்களுக்கு இடம் போட்டு வைக்குது?"

"அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றேன்.

"உங்களுக்கு அந்தப் பிள்ளை மேல என்னவோ இருக்கு."

முப்பத்தாறு வயதில் பொம்மைக் கார்டு விளையாடுகிறான் என்று அவள் அம்மா சொந்தத்தில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். போகட்டும். லேபில் நான் ஊசி குத்துகிறவன், வீட்டில் பல்ப் வாங்குகிறவன். அந்த மாடியில்தான் என்னை எதிரில் உட்கார்ந்து ஒருவன் பார்க்கிறான், அடுத்து நான் என்ன செய்வேனோ என்று யோசிக்கிறான். ரியாஸ் மட்டும் யோசிப்பதில்லை. என் கார்டு மேஜையில் விழும் முன்பே அவன் கை பதிலுக்குப் போய்விடும்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

நவ. 5, புதன்

ஒன்றும் இல்லை. லேபில் சிரிஞ்சு ஸ்டாக் வரவில்லை. ரியாஸ் வாட்ஸப்பில் அரிசி டின் போட்டோ அனுப்பியிருக்கிறான். "நல்லா தூங்குது அண்ணே" என்று. கை தட்டுகிற படம் ஒன்று அனுப்பினேன்.

நவ. 9, ஞாயிறு

தூறல். காலை பஸ். ரியாஸ் கூத்தாநல்லூரிலிருந்து முன்பே வந்து பஸ்ஸில் ஏறி, துண்டு போட்டு எனக்கு ஜன்னல் ஓரம் வைத்திருந்தான். கடைசித் தடவை. சிரித்தான்.

மடியில் டெக்கை வைத்துக்கொண்டு நாலு ஃபாயிலையும் ஸ்லீவில் போட்டான். பக்கத்திலிருந்து பார்த்தேன். எதிர்ப் பக்கம் வளைந்திருந்தன. அதிகம் இல்லை. ஆனால் டெக்கை அடுக்கி ஓரத்தில் பார்த்தால் நாலு இடத்தில் மெல்லிய இடைவெளி. அடுத்து என்ன கார்டு வரும் என்று எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

அவனும் கவனித்தான்போல. ரெண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கினான்.

"சரியா இருக்காண்ணே?"

"சரியாத்தான்ப்பா இருக்கு."

தேவையானால் மாற்றிக்கொள்ள சாதாக் கார்டு நாலும் அவன் பையிலேயே இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வடுவூர் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நிறைந்திருந்தது.

மாடியில் கேக். செந்தில் ஏற்பாடு. "ஹேப்பி ஜர்னி ரியாஸ்". க்ரீம் புளித்திருந்தது.

ரெண்டு ஆட்டம் ஜெயித்தேன். அவனும். கடைசியில் நாங்கள் ரெண்டு பேர். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

அந்த விஷயத்தை எடுக்காமலே ஜெயித்துவிடலாம் என்று நிஜமாகவே ஒரு ஆசை இருந்தது. நன்றாகத்தான் ஆடினேன். பாதியில் ஒரு கட்டத்தில் நான் முன்னால் இருந்தேன். அப்புறம் அவன் அந்த முதல் ஃபாயிலை இறக்கினான். தோற்கப்போவது தெரிந்துவிட்டது. இன்னும் ரெண்டு சுற்று, முடிந்தது கதை.

"செந்தில்" என்றேன். "அவன் டெக்கைக் கொஞ்சம் ஓரத்துலேர்ந்து பாரு."

செந்திலுக்குப் புரியவில்லை. டெக்கைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். முகம் மாறியது. வளைந்த இடத்தில் எல்லாம் விரலை வைத்து எடுத்தான். மூன்று தடவை. மூன்றும் ஃபாயில்.

"விதிப்படி இது குறி வச்ச கார்டு" என்றேன். "தெரிஞ்சு பண்ணாலும் தெரியாமப் பண்ணாலும் ஆட்டம் தோல்வி. நீதானே சுவத்துல ஒட்டி வச்சிருக்க?"

"அண்ணே, விடுங்கண்ணே" என்றான் கார்த்தி. "அவரு கடைசி நாளு."

"விதின்னா எல்லாருக்கும்தான்."

ரியாஸ் என்னைப் பார்த்தான். அரிசி என்று இப்போது சொல்வான் என்று காத்திருந்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன்: ரெண்டு நாள் என்றுதான் சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. சொல்லியிருப்பேன், கூசாமல்.

அவன் சொல்லவில்லை. டெக்கைத் திரும்ப வாங்கி அடுக்கினான். "அண்ணன் சொல்றது சரிதான். என் தப்பு. நான் பாத்திருக்கணும்" என்றான். கை நீட்டினான். குலுக்கினேன். சூடாக இருந்தது கை.

செந்தில் பலகையில் என் பேரை எழுதினான். யாரும் கை தட்டவில்லை. கேக்கில் மீதியை அப்படியே மூடி வைத்தார்கள்.

திரும்பும்போதும் ஒரே பஸ். பக்கத்துப் பக்கத்து சீட். அவன் பையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். மன்னார்குடியில் நான் இறங்கும்போது மட்டும், "பாத்துப் போங்கண்ணே, ஸ்டாண்டுல வழுக்கும்" என்றான்.

நவ. 11, செவ்வாய்

குரூப்பில் யாரும் போட்டி போட்டோ போடவில்லை. பலகையை நானே படம் எடுத்துப் போட்டேன். கார்த்தி மட்டும் பதில்: "அண்ணே இது கணக்குல சேராது." கீழே ஆறு பேர் கட்டை விரல் தூக்கியிருக்கிறார்கள். செந்தில் உட்பட.

சேராதாம். நாய்கள்.

லேபில் ஒரு குழந்தை கத்தியது. நரம்பு கிடைக்காமல் ரெண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. அதன் அப்பா என் சட்டையைப் பிடித்தான்.

நவ. 13, வியாழன்

யோசித்ததில் கார்த்தி சொல்வது சரி. அதுதான் எரிச்சல். ஆட்டத்தில் நான் அவனை ஜெயிக்கவில்லை. நான் ஜெயிக்காமலே அவன் போய்விட்டால் ஆயுசுக்கும் இல்லை.

ரியாஸுக்குப் போன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"போறதுக்குள்ள ஒரு ஆட்டம் போடலாமா? ஜட்ஜ் கிட்ஜ் எல்லாம் வேண்டாம்."

அந்தப் பக்கம் டேப் கிழிக்கிற சத்தம். பிறகு, "வாங்கண்ணே வீட்டுக்கு. சனிக்கிழமை காலையில. ஞாயித்துக்கிழமை கிளம்புறோம்."

நவ. 15, சனி

வெயில். பத்து நாளுக்கு அப்புறம். கூத்தாநல்லூர்.

ஹால் முழுக்கப் பெட்டி, எடை பார்க்கிற மெஷின், பாலிதீன் கவர். சாப்பாட்டு மேஜையில் ஒரு ஓரத்தை ஒதுக்கினான். அவன் அம்மா, "வாங்க தம்பி, உங்களைப் பத்தித்தான் எப்பவும் சொல்லிட்டிருப்பான்" என்றார்கள். என்ன சொல்லியிருப்பானோ. போன ஞாயிறு வரைக்கும் நல்லதாகத்தான் இருக்கும்.

ஃபாயில் இல்லை. நாலும் சாதாக் கார்டு. நானே கேட்டுப் பார்த்தேன், டெக்கை ஓரத்திலிருந்து. காட்டினான்.

ஆடினோம். மூன்று வருஷத்தில் நான் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம். ஒரு தப்பு செய்யவில்லை. அவனும் விடவில்லை, திணறினான், யோசித்தான். என் கார்டைப் பார்த்து முதல் தடவையாக யோசித்தான். கழுத்தில் வியர்வை. கடைசியில் என் பெரிய தாக்குதல். அவன் கையில் ஒரே ஒரு கார்டு. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"முடிஞ்சுதுண்ணே. ஜெயிச்சுட்டீங்க."

எழுந்து நின்றுவிட்டேன். கத்தினேனா தெரியவில்லை. உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தார்.

ரியாஸ் எழவில்லை. கையில் இருந்த அந்த ஒரு கார்டை மேஜையில் மெதுவாகத் திருப்பி வைத்தான், படம் மேலே இருக்கும்படி. என் பக்கமாகத் தள்ளினான். தடுப்புக் கார்டு. இறக்கியிருந்தால் என் தாக்குதல் அவ்வளவும் என் மேலேயே திரும்பியிருக்கும். அங்கேயே நான் முடிந்திருப்பேன்.

"எப்ப வந்துச்சு?" என்றேன்.

"ஆரம்பத்துலேர்ந்தே இருந்துச்சுண்ணே."

"ஏன் போடல?"

"உங்களுக்கு ரொம்ப வேணும்னு தெரிஞ்சுது." கார்டுகளை அடுக்க ஆரம்பித்தான். குரலில் கோபமே இல்லை. பஸ்ஸில் இடம் போட்டு வைக்கிற குரல். "எடுத்துக்கங்க."

இன்னொரு ஆட்டம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் டெக்கைப் பெட்டிக்குள் வைத்து, மேலே குழந்தையின் ஸ்வெட்டரைப் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டான்.

அவன் அம்மா பிரியாணி கட்டிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. வாசல் வரை வந்து கை கொடுத்தான். பஸ் உடனே கிடைத்தது.

வீட்டில் வித்யா பார்சலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். "என்ன, கடைசியா ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேன்."