சூலம் அல்ல, முள்கரண்டி

மெஷினுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் அந்த மை வாசனை மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேலம் அம்மாபேட்டையிலிருந்து வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் சோற்றில் அடிக்கும். அந்த நேரத்தில்தான் உன் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மை படாத சுண்டுவிரலால் திறந்தேன். ரெக்கார்டு நோட்டின் கடைசித் தாள். நீலப் பேனா, சிவப்பு ஸ்கெட்ச். விரிந்த கூந்தல், பாதி முகத்துக்குக் கண்கள், வெளியே தள்ளிய நாக்கு, ஓங்கிய கையில் மூன்று முனை கொண்ட ஆயுதம். நீ வரைந்தது.

கூடவே ஒரு குரல் செய்தி. “அம்மிணி, மாரியாத்தா கோயில் நோம்பி சாட்டியாச்சு. இத ஆறுக்கு நாலுல அடிச்சுக் குடு. சுத்தியும் வேப்பல போட்டுரு. கீழ ‘அன்னை அழைத்துக்கொண்ட எங்கள் குலக்கொழுந்து’ன்னு பெருசா எழுது. செவ்வாக்கெழமைக்குள்ள வேணும்.”

நீ போய் இரண்டு மார்கழி ஆகிறது. உன் கருமாதி அன்று புத்தகங்களை ஒதுக்கும்போது இந்தத் தாள் கீழே விழுந்தது. உன் அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, “அய்யோ, என்ற புள்ள ஆத்தாளையல்ல வரைஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கறா” என்று கத்தினார். மாரியம்மன் கோயில் பூசாரி வந்திருந்தார். வாங்கிப் பார்த்தார். “ரூபத்தக் காட்டிட்டுத்தானுங்க ஆத்தா கூப்புட்டிருக்கறா” என்றார். அவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்த வீடு சட்டென்று அடங்கியது. நானும் அங்கேதான் நின்றேன். அது அம்மன் இல்லை, அது சூலமும் இல்லை என்று அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கையில் கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ வரைந்தது ஒரு கார்ட்டூனில் வருகிறவளை. பூதங்கள் வாழும் ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் குடிகாரச் சமையல்காரி அவள். ஏப்பம் விடுவாள், கெட்ட வார்த்தை பேசுவாள், கறி குத்துகிற ஆளுயர முள்கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு தூங்குவாள். வாராவாரம் எவனாவது தவறி விழுகிற மாதிரி அவள் மேல் விழுவான். முள்கரண்டியால் ஒரு குத்து. அவன் கூரையைப் பிய்த்துக்கொண்டு மலையைத் தாண்டிப் பறந்து, வானத்தில் ஒரு புள்ளியாக மின்னி மறைவான். ஜப்பான்காரன் எடுத்த அந்தக் கார்ட்டூனில் கதை என்று இருந்தது அவ்வளவுதான். அந்தக் குத்துக்கு முன்னால் படம் அவள் உடம்பில் எங்கெல்லாம் மேய்ந்துவிட்டு வரும் என்பது உனக்கே தெரியும்.

காலேஜுக்குப் போகிற பஸ்ஸில் புதுச்சத்திரத்தில் நான் ஏறுவேன். அடுத்த ஸ்டாப்பில் நீ. ரெக்கார்டு நோட்டை விரித்து, நடுவில் செல்லை வைத்து, ஆளுக்கு ஒரு காதில் இயர்ஃபோன். ஒருநாள் எதிர் சீட்டில் இருந்த பெரியவர் கண்டக்டரிடம், “பாருங்க, பொம்பளப் புள்ளைங்க எப்பிடிப் படிக்குதுங்க” என்று நம்மைக் காட்டிச் சொன்னார். அந்த நொடியில் திரையில் ஒரு பூதம் குசு விட்டுக் கடையின் சுவர் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. நீ துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு குலுங்கினாய். “எவ்வளவு கஷ்டமான பாடமோ, பாவம்” என்றார் அவர்.

அதே சீட்டில் சண்டையும் போட்டிருக்கிறோம். முதலில் காட்டியவள் நான், முதலில் குமட்டியதும் எனக்குத்தான்.

“இதையெல்லாம் பாத்துத்தான்டி பசங்க கெட்டுப் போறானுங்க” என்றேன்.

“இது வாரதுக்கு முந்தி உங்கூரு பசங்க யோக்கியமா இருந்தானுங்களாக்கும்?”

“அப்ப இது தப்பில்லீங்கற?”

“தப்புத்தான். நாறுது. ஆனா கடேசில அவன் பறக்கறான்ல? நம்மூர்ல எவன்டி பறந்திருக்கறான்?”

 அதைப் பார்க்கும்போது சிரிப்பு வந்ததும் நிஜம், அடுத்த நொடியில் ஏதோ என் மேலேயே கை பட்டதுபோலக் கூசியதும் நிஜம். இரண்டில் எது என்னுடையது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

இரண்டாம் வருஷம் ஒரு சாயங்கால பஸ். உன் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன். நீ திரும்பிக் கத்தினாய். பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர், “ஏம்மா சத்தம் போடற, முன்னால தள்ளி நில்லு” என்றார். அவன் அசையவில்லை. தன் ஸ்டாப் வந்ததும் நிதானமாக இறங்கி, கடையில் பீடி வாங்கினான். நான் என்ன செய்தேன்? உன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

மறுநாள் காலையில் இந்தப் படத்தைக் காட்டினாய். கார்ட்டூனில் கைக்குட்டை அளவுத் துணி கட்டியிருப்பவளுக்கு நீ முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டிருந்தாய். “என்னடி, பொத்தி விட்டுட்ட?” என்று கேட்டேன்.

“அடுப்புல நிக்கறவ அப்பிடியா நிப்பா? எண்ண தெறிச்சா என்னாவறது?”

நாலு வருஷமாக அந்தக் கார்ட்டூனை எடுக்கிறவனுக்குத் தோன்றாத யோசனை அது. சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அவளுடைய கண்ணைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி வரைந்திருந்தாய். உன் அம்மா அதை உக்கிரம் என்கிறார். உக்கிரம்தான். ஆனால் உன்னுடையது.

நான் வேலை பார்க்கும் கடையில் வண்டிக்கு ஒட்டும் ஸ்டிக்கரும் அடிப்போம். இதே சமையல்காரி, அரைகுறைத் துணியில், பெட்ரோல் டேங்க் அளவுக்கு. “வயசுப் பசங்க கேக்கறானுங்க, அடிச்சுக் குடு, உனக்கென்ன” என்பார் முதலாளி. வாரத்துக்கு நாலைந்தாவது என் கையால் போகிறது. அவளையே இப்போது வேப்பிலைக்கு நடுவே வைக்கச் சொல்கிறார்கள். வண்டியில் ஒட்டலாம், இல்லையென்றால் கும்பிடலாம். கோபம் வந்த ஒரு சாதாரணப் பெண்ணாக அவளை வைக்க இந்த ஊரில் ஒரு சாண் இடம் கிடையாது. இதே கார்ட்டூனைப் பையன்கள் ஹாஸ்டலில் கதவைத் திறந்துபோட்டுப் பார்க்கிறார்கள். நாம் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துப் பார்த்தோம். அதனால்தான் கருமாதி அன்று என் வாய் திறக்கவில்லை. திறந்தால் செத்துப்போனவளின் நடத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

வேப்பிலை பார்டர் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கையெடுக்கத் தோன்றியது. பயந்துபோய் மூடிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன்.

“வா சாமி. ஏன் இப்பிடி எளச்சுப் போயிட்ட? சேலத்துல சோறு போடறதில்லியா?” என்றார் உன் அம்மா. பூஜை அலமாரியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நீ வரைந்த படம். நெற்றியில் குங்குமம், மேலே எலுமிச்சம்பழ மாலை. பஸ்ஸில் யோசித்து வைத்த வாக்கியம் எல்லாம் போய்விட்டது.

“அம்மா, அது மாரியாத்தா இல்லீங்க.”

“பின்ன, காளியாத்தாளா?”

“சாமியே இல்லீங்க. செல்லுல வார பொம்மப் படம். சிரிப்புப் படம். நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல பாப்போம். அதுல வார சமையக்காரிங்க அவ.”

“கையில சூலம் வெச்சிருக்கறாளே.”

“கறி குத்தற முள்ளுக்கரண்டிங்க.”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காட்டு” என்றார்.

உன் அம்மாவிடம் காட்டக்கூடிய இரண்டு நிமிஷத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன், நல்ல ஒரு சிரிப்புக்கு முன்னால் ஒரு அசிங்கம், பின்னால் ஒரு அசிங்கம். வயிறு வலிக்கச் சிரித்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடங்களெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தன. நான் தேடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றை ஓடவிட்டேன். குத்து விழுந்தது. அவன் மலை தாண்டிப் பறந்தான். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் செல்லை இழுப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இதுக்கா சிரிச்சீங்க?”

“ஆமாங்க.”

“நீயுமா?”

“நாந்தானுங்க மொதல்ல அவளுக்குக் காட்டுனேன்.”

“இவளப் போயி எதுக்கு வரையோணும்?”

பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். வெள்ளைச் சட்டையை, கண்டக்டரை, என் மடியில் இருந்த பையை. கேட்டுவிட்டு, “எங்கிட்டச் சொல்லவே இல்லியே” என்றார்.

“சொல்லியிருந்தா மறுநாளு காலேஜுக்கு அனுப்பியிருப்பீங்களா?”

அதை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.  அவர் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப என்ற புள்ளைய யாரு கூப்புட்டது?”

“யாரும் கூப்புடலீங்க. நாலு வழி ரோட்டக் கடக்க நம்மூர்ல ஒரு பாலமில்ல, வேகத்தட இல்ல. பனி. லாரிக்காரனுக்குத் தெரியல, அவளுக்கும் தெரியல. பாலங் கேட்டு ஊரே மனு குடுத்துச்சு. ஆத்தா கூப்புட்டான்னு பேச்சு வந்த பொறவு அந்த மனுவ யாரும் தூக்கறதில்லீங்க.”

“கூப்புட்டான்னு நெனச்சாத்தான் சாமி எனக்குக் கண்ணே மூடுது” என்றார்.

நான் எழுந்தேன். “போயிட்டு வா” என்று அவர் சொல்லவில்லை. “போ” என்றார்.

உன் அண்ணனிடம் மெஷின் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். அவர் நாமக்கல்லில் வேறு கடையில் அடித்துக்கொண்டார். நோம்பி அன்று போய்ப் பார்த்தேன். கோயில் வாசலில் சமையல்காரி ஆறடிக்கு நாலடியில் நிற்கிறாள். பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிறார்கள். உன் அம்மா யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கூட்டத்தில் என்னைப் பார்த்தார். பார்த்த பிறகு, படத்தின் பக்கம் திரும்பிக் கைகளைக் கூப்பிக் கண்களை மூடிக்கொண்டார். அவர் தெரிந்தே கும்பிட்டார். அது சாமி இல்லை என்று இனிமேல் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

போன வாரம் புது சீசன் வந்தது. பார்த்தேன். ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்தேன், அடுத்த இடத்தில் அணைத்துவிட்டேன், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டேன். நல்லதைப் பார்த்தோம் என்று உனக்காகக்கூட நான் சொல்லப்போவதில்லை. அதை எடுத்தவர்கள் நமக்காக எடுக்கவில்லை. நாம் திருடித் தின்றதுபோல அதிலிருந்து ஒரு குத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். கூடவே மற்றதையும் தின்றோம்.

மனுவை மறுபடி எழுதியிருக்கிறேன். இதுவரை பதினோரு கையெழுத்து. உன் அண்ணன் போடவில்லை. உன் அம்மாவிடம் கொண்டுபோகத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் முழுசாக உண்மை இல்லை. அன்று காலை பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியதும் நான் உனக்கு ஃபோன் செய்தேன். “பஸ்ஸு வந்துட்டிருக்குது, புது எபிசோட் எறக்கி வெச்சிருக்கறேன், ஓடி வாடி” என்றேன். நீ சிரித்தாய். “வாரேன், வாரேன்” என்றாய். நீ ஓடி வந்தது அந்த பஸ்ஸுக்குத்தான்.

பாலம் கட்டாததும் லாரியின் வேகமும் உன்னைக் கொன்றன. அதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன். ஆனால் யார் கூப்பிட்டது என்றுதான் உன் அம்மா கேட்டார். ஆத்தா கூப்பிட்டாள் என்றால் அவர் கும்பிடுகிறார். நான் கூப்பிட்டேன் என்றால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.